விடியக்காலம் மூன்று மணிக் கனவும் அதற்கப்புறம் வராத தூக்கமும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். வயது முப்பதைத் தாண்டிய பெண். அப்பா அம்மா இருவரும் காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார்கள். நம் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பெரியவர்களைக் கொன்று நகையைக் கொண்டுபோன செய்திகள் வந்ததிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் இவருக்கு ஒரே கனவு. இருட்டில் சாளைக்குப் போகிறார். கேட் திறந்து கிடக்கிறது. நாய் குரைக்கவில்லை. ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், விளக்கு இல்லை. உள்ளே காலை வைக்கும்போது அலறிக்கொண்டு எழுந்துவிடுகிறார். மணி பார்த்தால் மூன்று, மூன்றரை. அதோடு அன்றையத் தூக்கம் போயிற்று. "விடியக்காலக் கனவு பலிக்கும், ஊருக்குப் போய் ஒரு பரிகாரம் பண்ணிட்டு வா" என்கிறார் மாமியார். ஆறு வயதுப் பையனும் சில ராத்திரி கத்திக்கொண்டு எழுகிறானாம். மறுபடி தூங்க என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஈரோட்டில் மனநல ஆலோசனை தருபவன் என்ற முறையில் இதே கேள்வியை வேறு வேறு உருவத்தில் அடிக்கடி கேட்கிறேன். உங்கள் விஷயத்தில் "பலிக்கும்" என்ற சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். கனவு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விடியும்வரை உங்களை உட்கார வைப்பது அந்தச் சொல்தான்.

ராத்திரித் தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று நாலைந்து சுற்று வரும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு. இதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். ரெம் தூக்கம் என்பது அதுதான். கதைபோல நீண்டு, படம்போலத் தெரியும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் வருபவை. முதல் சுற்றில் அது சில நிமிடம்தான். விடியக்காலம் வரும்போது அரை மணி நேரம்கூட நீளும். அதனால் பத்து மணிக்குப் படுத்தவருக்கு மூன்று மணிக்கு மேல் வரும் கனவுதான் நீளமாக இருக்கும், தெளிவாக இருக்கும். நடுவில் விழிப்புத் தட்டுவதால் மனசிலும் நிற்கும். முன்னிரவில் கண்டதெல்லாம் நினைவே இல்லாமல் கரைந்துவிடும். விடியக்காலக் கனவுக்கு இவ்வளவு மதிப்பு வந்த காரணம் இதுதான். உங்கள் கனவு நாளை நடக்கப் போவதைச் சொல்லவில்லை. பகலில் நீங்கள் பட்ட பயத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரெம் தூக்கத்தில் மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதி நன்றாக விழித்திருக்கும். "இரு, இது நிஜமா?" என்று நிதானித்துக் கேட்கும் முன்பகுதி அடங்கிக் கிடக்கும். அதனால்தான் நாய் குரைக்காத அந்த வாசல் அவ்வளவு நிஜமாகத் தெரிகிறது. எழுந்தபின் நெஞ்சு அடித்துக்கொள்வதும் வியர்ப்பதும் நிஜம். உடம்பு ஓடத் தயாராகிவிட்டது, ஆனால் ஓட வேண்டிய வேலை இல்லை. வேறொன்றும் கிளறாமல் இருந்தால் அந்தப் படபடப்பு கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதை இறங்க விடுவதுதான்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் செல்லை எடுத்து மணி பார்க்கிறோம். மூன்றரை என்று தெரிந்ததும் "ஏழு மணிக்குக் கம்பெனி பஸ், இன்னும் மூணரை மணி நேரம்தான் இருக்கு" என்று கணக்கு ஓடுகிறது. கையில்தான் இருக்கிறதே என்று வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம். அங்கே யாரோ அனுப்பிய சிசிடிவி வீடியோ. அதுக்கப்புறம் எப்படித் தூக்கம் வரும்? நான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே விஷயம், செல்லைத் தலைமாட்டில் வைக்காதீர்கள் என்பதுதான். அலாரம் வேண்டுமென்றால் செல்லை அடுத்த அறையிலோ எட்டாத அலமாரியிலோ வையுங்கள். சுவர்க் கடிகாரம் கட்டிலுக்கு நேராக இருந்தால் அதையும் மாற்றி மாட்டுங்கள். ஊரிலிருந்து அவசர அழைப்பு வந்தால் கேட்க வேண்டுமே என்பீர்கள். சத்தத்தைக் கூட்டி வையுங்கள், அடுத்த அறையிலிருந்தும் கேட்கும்.

சரி, விழித்துவிட்டீர்கள். படுத்தபடியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கனவை விரட்டப் பார்க்காதீர்கள். பாதித் தூக்கத்தில் அதே கனவு விட்ட இடத்திலிருந்து தொடர வாய்ப்புண்டு. எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படும்படி வையுங்கள். தரையின் குளிர்ச்சி தெரியட்டும். சின்ன விளக்கு போதும், டியூப்லைட் வேண்டாம். வாய்விட்டு, மெதுவாக, ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "இது கனவு. நான் திருப்பூரில் என் வீட்டில் இருக்கிறேன்." மனசுக்குள் சொல்வதைவிடக் காதில் விழச் சொல்வது நல்லது. அப்புறம் அறையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொடியில் காயும் சட்டை, பையனின் பள்ளிக்கூடப் பை, சுவரில் காலண்டர். ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். போர்வையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலும் சரி. கனவில் மாட்டியிருக்கும் மனசை நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குக் கூட்டி வருவதற்குத்தான் இவ்வளவும்.

வீட்டுக்காரர் விழித்து "என்னாச்சு?" என்று கேட்டால் "கெட்ட கனவுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். முழுக் கனவையும் அந்நேரத்துக்குச் சொன்னால் இன்னொரு முறை அதற்குள் போய்விட்டு வந்த மாதிரி ஆகிவிடும். காலையில் டீ குடிக்கும்போது முழுசாகச் சொல்லுங்கள். அப்போது சொல்வது நல்லதுதான்.

அடுத்தது மூச்சு. மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். அடக்கி வைக்க வேண்டாம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், உள்ளே வரும்போது கொஞ்சம் ஏறும். இது உடம்பின் அமைப்பு. இந்த அளவில் விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். எண்ணிக்கை பிடிக்காதவர்களுக்குப் பாட்டும் மந்திரமும் இதே வேலையைச் செய்யும். 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர் ஜெபமாலை சொல்பவர்களையும் மந்திரம் ஜெபிப்பவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஆறாகக் குறைந்தது தெரியவந்தது.

நம் பக்கம் பயந்தால் கந்த சஷ்டி கவசம் சொல்வது வழக்கம். அது அரங்கேறியது சென்னிமலையில் என்பது இங்கே எல்லோருக்கும் பெருமை. அதில் வரும் சிரகிரி நம் சென்னிமலைதான். உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு விஷயம், கோயில் ஒலிபெருக்கியில் ஓடும் வேகத்தில் சொல்லாதீர்கள். ஒரு மூச்சுக்கு ஓர் அடி, முணுமுணுப்பாக, இழுத்து. மசூதிக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்களுக்கு அவரவர் துவாவும் ஜெபமும் இதே மாதிரி உதவும்.

படபடப்பு இறங்கியபின் மறுபடி படுத்தால் மனசு சும்மா இருக்காது. வெறும் இருட்டில் விட்டால் நேராகத் தோட்டத்துக்குத்தான் போகும். அதனால் அதற்குச் சுவையும் பயமும் இல்லாத ஒரு வேலை கொடுங்கள். பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்றை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஈரோட்டிலிருந்து கோவை போகும் பாசஞ்சரில் ஏறி உட்காருங்கள். தொட்டிபாளையம், பெருந்துறை, ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிறுத்தி, பிளாட்பாரத்தில் என்ன தெரிகிறது, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போங்கள். சோமனூர் தாண்டுவதற்குள் நிறையப் பேர் தூங்கிவிடுகிறார்கள். காங்கேயம் ரோட்டை மட்டும் எடுக்காதீர்கள். நல்லூர், படியூர் என்று போனால் கடைசியில் அம்மா வீட்டு கேட்டில்தான் கொண்டுபோய் விடும்.

இவ்வளவு செய்தும் இருபது நிமிடம்போலத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (கடிகாரம் பார்க்காமல், ஒரு உத்தேசமாகத்தான்) படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். முன்னறையில் மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள், வெங்காயம் உரியுங்கள், பழைய வாரப் பத்திரிகை புரட்டுங்கள். கொட்டாவி வந்ததும் போய்ப் படுங்கள். படுக்கை என்றாலே புரண்டு புரண்டு பயப்படுகிற இடம் என்று உடம்பு பழகிவிடக் கூடாது, அதற்காகத்தான் இது. தூக்கமின்மைக்கு 1970-களிலிருந்து நடைமுறையில் உள்ள முறை. ஒருநாள் இரண்டு மணி நேரத் தூக்கம் குறைந்தால் மறுநாள் அசதியாக இருக்கும், அவ்வளவுதான். வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கி ஈடுகட்டப் பார்த்தால் அன்று ராத்திரி தூக்கம் கெடும்.

இதெல்லாம் அன்றன்றைய ராத்திரிக்கு. கனவே குறைய வேண்டுமென்றால் வேலை பகலில் இருக்கிறது. நான் மிகவும் நம்பிச் சொல்லும் பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பகல் வெளிச்சத்தில் மாற்றி எழுதி, மாற்றிய கனவை மனசுக்குள் ஓட்டிப் பழகுவது ஒரு சிகிச்சை. அமெரிக்காவில் பேரி கிராகோவ் என்ற மருத்துவரும் அவர் குழுவும், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் வதைபட்ட 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்குக் கனவும் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. மருந்து எதுவும் இல்லாத முறை என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் கனவையே எடுத்துக்கொள்வோம். மதிய இடைவேளையிலோ சாயங்காலம் வீடு வந்ததுமோ ஒரு நோட்டில் கனவைச் சுருக்கமாக எழுதுங்கள். ரத்தமும் சாவும் விவரிக்க வேண்டாம். கேட் திறந்து கிடக்கிறது, நாய் குரைக்கவில்லை, விளக்கு இல்லை என்ற அளவு போதும். இப்போது எங்கே மாற்றலாம் என்று பாருங்கள். எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எனக்குத் தோன்றுகிற ஒன்றைச் சொல்கிறேன். கேட் திறந்து கிடக்கிறது, ஏனென்றால் அப்பா இப்போதுதான் பால் ஊற்றிவிட்டு டிவிஎஸ் எக்ஸலில் உள்ளே வந்திருக்கிறார். நாய் குரைக்கவில்லை, ஏனென்றால் வந்தது நீங்கள் என்று அதற்குத் தெரியும், வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றுகிறது. ஆசாரத்தில் விளக்கு இல்லை, எல்லோரும் கட்டுத்தரையில் இருக்கிறார்கள். மாடு கன்று போட்டிருக்கிறது. அம்மா சீம்பால் சட்டியோடு திரும்பிப் பார்த்து, "ஏங் கண்ணு, இந்நேரத்துக்கு வந்திருக்கற? வா, சூடா இருக்குது" என்கிறார்.

இந்தப் புதுக் கனவைத்தான் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி ஓட்ட வேண்டும். சீம்பாலின் வாசம், கன்றின் ஈர மூக்கு, அம்மாவின் குரல் எல்லாம் வரட்டும். பழைய கனவை ஓட்டவே வேண்டாம். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். கனவு அடியோடு நிற்காவிட்டாலும், அடிக்கடி வருவது குறையும், அல்லது வந்தாலும் கேட்டுக்குப் பக்கத்திலேயே "ஓ, இதுவா" என்று தெரிந்துவிடும். எழுதும்போதே நடுக்கம் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஒரு ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள். இந்தக் கனவு பெரிய பாரமாகத் தோன்றினால், இதைவிடச் சின்னக் கனவு ஒன்றில் முதலில் பழகிக்கொள்ளலாம்.

உங்கள் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வயதான இருவர் அக்கம்பக்கம் வீடில்லாத தோட்டத்தில் இருக்கிறார்கள். மகளுக்குக் கவலை வருவது நியாயம். அந்தக் கவலைக்குப் பகலில் ஓர் இடம் கொடுங்கள். வாசலிலும் கட்டுத்தரையிலும் ராத்திரி முழுக்க எரியும் விளக்கு, கேமரா, நகையை லாக்கருக்கு மாற்றுவது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர், ரோந்து வரச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு, 112 எண்ணை அப்பாவுக்கு அழுத்திக் காட்டிப் பழக்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பியோடு உட்கார்ந்து இதையெல்லாம் முடியுங்கள். தினமும் ராத்திரி எட்டரைக்கு அம்மாவுக்கு ஒரு போன் என்று வழக்கம் வையுங்கள். அப்புறம் மூன்று மணிக்கு மனசு கேட்கும்போது "எட்டரைக்குப் பேசினேன், கேட் பூட்டியாச்சு என்றார்" என்று பதில் சொல்ல முடியும். மூன்று மணிக்கு அவர்களை எழுப்பிக் கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். இன்று நிம்மதி தரும், நாளை கேட்காமல் இருக்க முடியாமல் போகும். அவர்கள் தூக்கமும் கெடும்.

கொலைச் செய்தி வீடியோக்களைப் படுப்பதற்கு முன் பார்ப்பதை விடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் போட்டாலும் திறக்காதீர்கள். டீ விஷயமும் உண்டு. ஷிப்மெண்ட் நாட்களில் ராத்திரி ஒன்பது மணி வரை வேலை, நடுவில் இரண்டு டீ என்பது திருப்பூரில் சாதாரணம். குடித்த டீயில் பாதி வீரியம் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்காலத்தோடு நிறுத்துங்கள். வீட்டில் யாராவது குடிப்பவராக இருந்தால் அவருக்கும் இது பொருந்தும்: மது முன்னிரவில் கனவை அமுக்கி, பின்னிரவில் மொத்தமாகக் கிளப்பிவிடும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவை அடிக்கும் சத்தம்கூட விழிப்பை உண்டாக்கும், தாழ்ப்பாளுக்குத் துணி வைத்து அடையுங்கள்.

பரிகாரத்தைப் பற்றி. கோயிலுக்குப் போய்த் துண்ணூறு மந்திரித்துக்கொண்டு வருவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. மாமியாரின் அக்கறையும் அதில் இருக்கிறது. "அத்தை, கோயிலுக்குப் போயிட்டு வரேன், ஆனா பலிக்கும்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது" என்று நயமாகச் சொல்லிப் பாருங்கள். யாராவது தோஷம், செய்வினை என்று புதுப் பயத்தைக் கிளப்பி ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பயத்துக்கு வைத்தியம் தேடிப் போன இடத்தில் இன்னொரு பயத்தை வாங்கி வரக் கூடாது.

விழித்தபின் கை கால் அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி ஆவதை அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம் தூக்கத்தில் தசைகள் தளர்ந்திருக்கும், கண் மட்டும் முதலில் விழித்துக்கொண்டால் அப்படித் தெரியும். சில நொடியோ ஓரிரு நிமிடமோ இருக்கும். ஆபத்தில்லை. ஒரு விரலை அசைக்கப் பாருங்கள், விட்டுவிடும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

பையன் விஷயம் வேறாக இருக்கலாம். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கத்துகிறானா, கண் திறந்திருந்தும் உங்களைத் தெரியவில்லையா, காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லையா? அப்படியானால் அது கனவு இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிக்கும் நிலை, சின்னக் குழந்தைகளுக்குச் சகஜம், வளர வளர நின்றுவிடும். உலுக்கி எழுப்பாதீர்கள். கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், தானாக அடங்கும். விடியக்காலம் எழுந்து அழுது, கனவைச் சொல்கிறான் என்றால் அணைத்துக்கொண்டு, "கனவு சாமி, அம்மா இருக்கேன்" என்று தூங்க வையுங்கள். மறுநாள் அந்தக் கனவை அவனையே படமாக வரையச் சொல்லி, முடிவை அவன் இஷ்டப்படி மாற்றச் சொல்லலாம். குழந்தைகளுக்கு இது நம்மைவிட எளிதாக வரும்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பேருக்கு வாரம் ஒருமுறையாவது கெட்ட கனவு வருவதாகக் கணக்கு. ஆகவே வருவதே நோய் இல்லை. ஆனால் தூங்கவே பயமாகிவிட்டது, பகலில் வேலை ஓடவில்லை, மேலே சொன்னதை ஒன்றரை மாதம் செய்தும் குறையவில்லை என்றால் போங்கள். விபத்தோ வன்முறையோ உங்களுக்கே நடந்து அது கனவாக வந்தால் காத்திருக்கவே வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கும் கெட்ட கனவு வரும். அங்கே சரிசெய்ய வேண்டியது மூச்சை. ஐம்பது வயதுக்கு மேல் கனவில் சண்டை போட்டுப் பக்கத்தில் படுத்தவரை அடிப்பது, உதைப்பது என்று ஆரம்பித்தால் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

மாத்திரைப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பஞ்சுத் தூசி அலர்ஜிக்கும் வீசிங்குக்கும் நம் ஊரில் நிறையப் பேர் ராத்திரி போடும் மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்குக் கடுமையான எச்சரிக்கையே போட்டது. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புரோப்ரனலாலும், மனச்சோர்வு மருந்துகளில் சிலவும் அப்படித்தான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லி மாற்றுங்கள். கனவுக்கென்று பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரையைச் சிலருக்கு டாக்டர்கள் தருவதுண்டு. முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், 2018-இல், வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் மருந்து அல்ல. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், என்றென்று கனவு வந்தது, அன்று டீ, மாத்திரை என்னென்ன. உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.